காட்டு வழியும் வானத்து வழிகாட்டியும்

மன்னார்ப் பெருநிலக் கரையோரத்தில், சிலாவத்துறைக்குத் தெற்கே, கடலுக்கும் காட்டுக்கும் இடையே அமைந்த பழைய ஊர் முள்ளிக்குளம். மேற்கே முத்துச்சலாபக் கடல். தெற்கே மோதரகம் ஆறு. ஆற்றுக்கு அப்பால் வில்பத்துப் பெருங்காடு. இத்தகைய ஊரில் வாழ்பவர்க்கு வழியறிதல் உயிர் காக்கும் கல்வியாகும். கடலில் திசை தப்பினாலும், காட்டில் தடம் தப்பினாலும் விளைவு ஒன்றே. அந்தக் கல்வி பண்டு எவ்வாறு இருந்தது, இன்று அது கைபேசிக்குள் எவ்வாறு புகுந்தது, அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பவற்றை இன்று நோக்குவோம்.

வன்னிக் காட்டில் வேட்டைக்குச் சென்ற முன்னோரிடம் திசைகாட்டிக் கருவி இருந்ததில்லை. அவர்கள் காற்றை அறிந்திருந்தனர். சோளகம் வீசும் மாதங்களில் எப்பக்கமாக அணுகினால் மரைக்கு மனித வாடை எட்டாது, வாடைக்காற்று வந்தபின் எப்பக்கம் ஒதுங்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெளிவு. ஈர மண்ணிற் பதிந்த பன்றியின் குளம்படி விளிம்பு இடிந்திருந்தால் அது பழைய தடம். விளிம்பு கூராக இருந்தால் விலங்கு அண்மையில் உள்ளது. பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து சூரியனை மறைக்கும் இடத்தில், நீர்நிலைகளே அவர்களுக்குக் கைகாட்டி மரங்களாயின. மழைநீர் தேங்கும் இயற்கைத் தாழ்நிலங்களை அப்பகுதியில் ‘வில்லு’ என்பர். வில்பத்து என்ற பெயரிலேயே அச்சொல் நிலைத்து நிற்கிறது.

காட்டு வழியே செல்வோர் கொப்பொன்றை முறித்து, வழியோர மரத்தில் தொங்கவிட்டு, ஐயனாரை வேண்டிச் செல்லும் வழக்கமும் இருந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளராக இந்நாட்டிற் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த தம் நூலில் இவ்வழக்கத்தைப் பதிந்துள்ளார். பின்னால் வருபவனுக்கு அக்கொப்பு ஒரு செய்தியும் ஆகும்: இவ்வழியே மனிதர் சென்றிருக்கின்றனர் என்பதே அச்செய்தி.

தமிழர் இவ்வறிவை இலக்கியமாகவும் ஆக்கினர். ஆற்றுப்படை என்னும் நூல்வகையின் பெயருக்கே வழிப்படுத்துதல் என்பது பொருள். அவற்றுள் மலைபடுகடாம் சிறப்பாகக் கருதத்தக்கது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு அது திசை மட்டும் கூறி அமைவதில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எங்கே, எந்த ஊரில் உணவு கிடைக்கும் என்றெல்லாம் எச்சரித்து அழைத்துச் செல்கிறது. அவ்வழியை நடந்து அறிந்தவனே அதைச் சொல்கிறான். இதனை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

கடற்பக்கமும் இதே நிலைதான். பெரிய பார், செவல் பார் முதலிய முத்துப் பார்கள் நீருக்கு அடியில் மறைந்துள்ளன. கரையிலுள்ள இரு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, வேறோர் அடையாளத்தாற் குறுக்குக்கோடு பிடித்துக் கடலோடிகள் தம் இடத்தை அறிந்தனர். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பிற் கட்டிய மாளிகை பின்னாளில் இவ்வாறான கரை அடையாளமாகவும் பயன்பட்டது. அதே நோர்த் 1800இல் நில அளவைத் திணைக்களத்தையும் நிறுவினார். 1906ஆம் ஆண்டுச் சலாபத்தின்போது மறிச்சுக்கட்டியிற் பணியாற்றிய இளம் அதிகாரியே பிற்காலத்து எழுத்தாளர் லெனார்ட் வுல்ஃப் ஆவார்.

இனி வானத்திற்கு வருவோம். 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ‘ஸ்புட்னிக்’ செய்மதியை ஏவியது. அமெரிக்காவின் மேரிலாண்டிலிருந்த இரு இளம் அறிவியலாளர் அதன் ஒலியைக் கேட்டனர். புகைவண்டி நெருங்கும்போது அதன் ஊதல் உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் கேட்பதுபோல, செய்மதியின் ஒலியும் மாறக் கண்டு, அம்மாற்றத்தைக் கொண்டே அதன் பாதையைக் கணித்தனர். செய்மதியின் பாதை தெரிந்தால், கேட்பவன் நிற்குமிடத்தைக் கணிக்கலாமே என்ற எதிர்வினா பின்னர் எழுந்தது. அதுவே செய்மதி வழிகாட்டலின் வித்து.

ஜி.பி.எஸ். என நாம் வழங்கும் அமைப்பின் முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. 1995இல் அமைப்பு முழுமை பெற்றது. படைத்துறைக்காக எழுந்ததாதலின், பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பிற் பிழையை வேண்டுமென்றே அமெரிக்க அரசு கலந்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அக்கலப்பு நீக்கப்பட்டது. அதன் பின்னர் இக்கருவி வேட்டைக்காரன் கைக்கும் மீனவன் கைக்கும் மேலும் பயனுள்ளதாயிற்று.

ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் இச்செய்மதிகள் ஒவ்வொன்றும் அணுக்கடிகாரத்தின் நேரத்தை அறிவித்தவண்ணம் உள்ளன. அறிவிப்பு வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு கைபேசி தொலைவைக் கணிக்கிறது. நான்கு செய்மதிகளின் ஒலிபரப்புக் கிட்டினால் இடம் துலங்கிவிடும். நேரத்தில் நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீற்றர் பிழைக்கும் என்றால், இதன் நுட்பத்தை நேயர்கள் உணரலாம். நாம் வானொலி கேட்பதுபோலக் கைபேசியும் இங்கே கேட்கமட்டும் செய்கிறது. ஆகவே தொலைபேசிக் கோபுரம் எட்டாத காட்டிலும் அது இடத்தை அறியும். ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே சேமித்திராவிட்டால் திரையில் வெறும் புள்ளி ஒன்றே தெரியும்.

மேலைநாட்டு வேட்டைக்காரர் இன்று இதனைப் பலவாறு பயன்படுத்துகின்றனர். வண்டியை நிறுத்திய இடத்தைக் குறித்து வைக்கின்றனர். நடந்த தடத்தைக் கோடாகப் பதிந்து அக்கோட்டின் வழியே மீளுகின்றனர். வேட்டைநாயின் கழுத்துப்பட்டியில் கருவி பொருத்தி அது சென்ற திசையை அறிகின்றனர். 2009இல் மொன்டானா மாநிலத்தில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் செயலி, நிற்கும் நிலம் எவருடையது என்பதையும் திரையிற் காட்டுகிறது. பிறர் நிலத்துட் புகுதல் அங்கே குற்றமாதலின், அச்செய்தி வேட்டைக்காரனுக்கு இன்றியமையாதது.

கருவிக்குக் குறைகளும் உண்டு. திறந்த வெளியில் ஐந்து மீற்றர் அளவில் இடங்காட்டும் கைபேசி, அடர்ந்த இலைக்கூரையின் கீழ்த் தடுமாறும். மின்கலம் வடிந்தால் அது வெறுங்கல்லாகிவிடும். சுவட்டின் வயதையும் காற்றின் போக்கையும் அது அறியாது. யானை நிற்கும் புதரை அது காட்டாது.

நம் நாட்டில் வேட்டை பற்றிய நிலை வேறு. வில்பத்து 1905இல் சரணாலயமாகவும் 1938இல் தேசிய வனமாகவும் அறிவிக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசிய வனத்தில் வேட்டையாடுதல் குற்றம். ஆதலின் மோதரகம் ஆற்றைக் கடந்து துப்பாக்கியோடு செல்பவனுக்கு எந்தச் செயலியும் உரிமை தரமாட்டாது. இன்று அதே கருவி யானையின் கழுத்துப்பட்டியிற் பொருத்தப்பட்டு ஆய்வாளருக்கு உதவுகிறது. வேட்டையாடியவன் கற்ற சுவடறியும் கலை காவலனுக்குக் கைமாறியுள்ளது எனலாம்.

ஆயினும் முள்ளிக்குளமும் முசலிப் பகுதியும் இக்கருவியைப் பற்றி நமக்குக் கற்பிக்கும் பாடம் வேட்டையைவிடப் பெரியது. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முசலியின் முஸ்லிம் ஊர்கள் வெறுமையாயின. கத்தோலிக்க மக்கள் வாழ்ந்த முள்ளிக்குளமும் 2007 செப்டெம்பரில் படை நடவடிக்கையின்போது வெளியேற்றப்பட்டது. பின்னர் அங்கே கடற்படைத் தளம் அமைந்தது. ஆளில்லாத நிலத்தில் காடு காத்திருப்பதில்லை. இருபது ஆண்டில் முற்றங்களில் மரம் எழுந்தது. கிணறுகளை முட்புதர் மூடியது.

2012 அக்டோபரில் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல், மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய இடங்களை ஒதுக்குக்காடாக்கியது. 2017 மார்ச் 24ஆம் நாள் மாவில்லு பேணற்காடு என்ற பெயரில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் அறிவிக்கப்பட்டது. எல்லைகள் களத்தில் ஊராரைக் கண்டு வரையப்படவில்லை, ஜி.பி.எஸ். குறிப்புகளையும் வானத்துப் படங்களையும் கொண்டே வரையப்பட்டன என்பது முசலி மக்களின் முறைப்பாடு. மறுபுறம், காட்டைக் காக்க வேண்டுமென்று வாதிட்டோரின் கவலையும் வெறும் கற்பனை அன்று. மீள்குடியேற்றத்தின் பேரிற் சட்டத்துக்கு மாறாகக் காடு அழிக்கப்பட்டதெனக் கண்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், 2020 நவம்பரில் மீண்டும் மரம் நடுமாறு பணித்தது. முள்ளிக்குளம் மக்களோ 2017 மார்ச்சிற் போராட்டம் தொடங்கினர். ஏப்ரல் 29ஆம் நாள் 100 ஏக்கர் நிலத்தை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது.

இங்கே கருவி பொய் கூறவில்லை. மரம் நின்ற இடத்தில் மரம் நிற்கிறது என்றே அது கூறியது. அம்மரத்தின் கீழே ஒரு குடும்பத்தின் கிணறு இருப்பதை அதற்குச் சொல்ல எவரும் உடன் செல்லவில்லை என்பதே குறை. மலைபடுகடாத்தின் வழிகாட்டி நடந்து அறிந்தவன். வானத்து வழிகாட்டி நடவாதது.

ஆதலின் நேயர்களே, இக்கருவியை ஊராரும் கையில் எடுத்தல் நலம். முதியோர் உயிரோடிருக்கும்போதே அவரோடு நடந்து, பழைய கிணறு, குளக்கட்டு, கோயில், பள்ளிவாசல், சேமக்காலை, மையவாடி ஆகிய ஒவ்வோர் இடத்தையும் கைபேசியிற் குறித்து, அதன் பெயரையும் வரலாற்றையும் உடன் எழுதி வைத்தால், அடுத்த எல்லைக்கோடு வரையப்படும் நாளில் அது சான்றாக நிற்கும். காடு எங்கே தொடங்கியது, ஊர் எங்கே முடிந்தது என்பதை ஐயமின்றிக் காட்டும் அத்தகைய பதிவு, ஊருக்கு மட்டுமன்றிக் காட்டுக்கும் காவலாகும். அன்று முறித்துத் தொங்கவிட்ட கொப்பின் வேலையை இன்று அது செய்யும்.