ஆடுவதற்கான நேரம் யாருடையது? ரக்பியின் பிரிவுகளும் கோலார் தங்கவயலும்

பதினைவர் ஆடும் ரக்பி யூனியன், பதின்மூவர் ஆடும் ரக்பி லீக், பதினொருவர் ஆடும் அமெரிக்கக் கால்பந்து, பன்னிருவர் ஆடும் கனடியக் கால்பந்து ஆகிய நான்கும் ஒரே மரபின் கிளைகள். இவற்றின் வரலாறு பெரும்பாலும் விதிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆடுவதற்கான நேரம் யாரிடம் இருந்தது என்று கேட்டால் வேறொரு வரலாறு தெரியவரும். அக்கேள்வியைக் கோலார் தங்கவயலிலிருந்து தொடங்கலாம்.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே சுரங்கப் பணியில் இறங்கியது. தாயகத்தில் செம்பு, தகரச் சுரங்கங்கள் நலிவுற்றிருந்த கார்ன்வாலிலிருந்து தேர்ந்த சுரங்கத் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். கார்ன்வால் ரக்பி வேரோடிய நிலம். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானியாவின் சார்பில் களமிறங்கியது கார்ன்வால் அணியே. ஆஸ்திரேலியாவிடம் 32-3 என்று தோற்று வெள்ளி பெற்றது.

வட இங்கிலாந்தில் இவ்வாட்டத்தை நிலக்கரிச் சுரங்கத்தாரும் ஆலைத் தொழிலாளரும் ஆடினர். சனிக்கிழமை ஆடச் சென்றால் அன்றைய கூலி போயிற்று. அவ்விழப்பை ஈடுசெய்யும் கோரிக்கையை 1893இல் ரக்பி கால்பந்து யூனியன் நிராகரித்தது. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிய வடபுலக் கழகங்கள் தனிச் சங்கம் கண்டன. கூலி கொடுக்க வேண்டுமெனில் பார்வையாளர் கட்டணம் பெருக வேண்டும். அதற்கு ஆட்டம் விறுவிறுப்பாக வேண்டும். 1906இல் அணிக்கு இருவர் குறைக்கப்பட்டதில் இக்கணக்குக்கும் பங்குண்டு. ஊதியமின்மை என்ற கொள்கையை யூனியன் கைவிட்டது 1995 ஆகஸ்டில், சரியாக நூறாண்டு கழித்து.

அமெரிக்காவிலோ ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். ஓய்வு நேரம் அவர்களிடம் இருந்தது. 1874இல் ஹார்வர்டு மாணவர்கள் கனடாவின் மெக்கில் அணியோடு ஆடி ரக்பியை அறிந்தனர். 1880இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் பந்தின் உரிமையை ஒரே அணிக்கு ஒதுக்கும் விதியைக் கொணர்ந்தார். உயிரிழப்புகள் எழுப்பிய கண்டனத்தைத் தொடர்ந்து 1906இல் பந்தை முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது.

இந்தியாவில் ரக்பி ஐரோப்பியர் கழகங்களின் வேலிக்குள் தொடங்கியது. 1870களில் தோன்றி விரைவில் கலைந்த கல்கத்தா கழகம், வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பையாக்கி இங்கிலாந்துக்கு அனுப்பியது. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அக்கல்கத்தா கோப்பைக்காக மோதுகின்றன.

தங்கவயலின் ஆழத்தில் உழைத்தோரில் பெரும்பான்மையினர் வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழர். அவர்களுள் தலித் மக்களே மிகுதி. அவர்களது லைன் வீடுகளில் வேர்பிடித்தவை கால்பந்தும் ஹாக்கியும், ரக்பி அன்று. கழக வேலி இதற்கு ஒரு காரணம். உடலோடு உடல் மோதும் ஆட்டத்தில் அடிபட்டால் வேலையும் கூலியும் போகும் என்பதையும் கருதவேண்டும். ஹடர்ஸ்ஃபீல்டின் சுரங்கத்தார் இழந்த கூலியைக் கேட்டதால் ஓர் ஆட்டமே பிரிந்தது. தங்கவயலின் சுரங்கத்தாரிடம் அக்கேள்வி எழுவதற்கான களமே விடப்படவில்லை. 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட அச்சுரங்கங்களின் விளையாட்டு வரலாற்றை எழுதுவோர், ஆடப்பட்டவற்றோடு ஆடப்படாதவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.