ரமணன் (ஆண்பாற் பெயர்)

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் ஊர்களில் முனியசாமி, கருப்பசாமி, மாரியப்பன் எனக் கிராம தெய்வங்களை ஒட்டிய பெயர்கள் தெருவுக்குத் தெரு ஒலிக்கும். ரமணன் அப்படிப் புழங்கும் பெயர் அன்று. இன்புறச் செய்பவன் என்னும் பொருளுடைய இந்த வடசொல் தமிழ்நாட்டில் பெரும்பாலும் வேங்கடரமணன் போன்ற நீண்ட பெயர்களுக்குள் ஒட்டியே வாழ்ந்தது. திருச்சுழியில் வக்கீலாக இருந்த சுந்தரமய்யருக்கும் அழகம்மாளுக்கும் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்து, பின் திருவண்ணாமலையில் துறவியாக வாழ்ந்த வேங்கடராமனை அவ்வூரார் பிராமண சுவாமி என்றே அழைத்தனர். 1907இல் காவிய கண்ட கணபதி முனிவர் அவரது இயற்பெயரைச் சுருக்கி ரமண மகரிஷி என்றார். அந்தச் சுருக்கமே சொல்லைத் தனிப்பெயராகத் தமிழரிடம் நிலைநிறுத்தியது எனலாம்.

தெலுங்கரிடம் வெங்கடரமணாவும் ரமணாவும் வெகுகாலமாக உண்டே, கண்ணனும் ராதாரமணன்தானே என்று மறுக்கலாம். உண்மைதான், சொல் பழையது. ஆனால் அவ்வழக்கு திருப்பதிப் பெருமாளையும் கண்ணனையும் சுட்டுகிறது. தமிழ்நாட்டில் பிள்ளைக்கு ரமணன் என்று பெயர் வைப்பவர் பலர் நினைப்பது திருவண்ணாமலையில் வாழ்ந்த அந்த மனிதரை. வேடிக்கை என்னவென்றால், பெயருக்குரியவர் கையெழுத்தில் பெயரையே தவிர்த்தார். 1896இல் வீட்டைவிட்டுப் போனபோது எழுதிவைத்த கடிதத்தில் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. 1938இல் ஆசிரம உயிலுக்கும் கோடுதான், பெயரை அவர் சார்பில் வேறொருவர் எழுதினார்.