மலாக்கா வீழ்ந்த பின்

1511 ஆகஸ்டில் அல்போன்சோ டி அல்புகேர்க்கின் படை மலாக்காவைக் கைப்பற்றியது. சுல்தான் மஹ்மூத் ஷா நகரை விட்டு வெளியேறினார். இதனை ஒரு முஸ்லிம் அரசின் வீழ்ச்சியாக மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். அன்று உடைந்தது எது, உடையாமல் தப்பியது எது என்று பிரித்துப் பார்ப்பதே பயனுடையது என நான் கருதுகின்றேன்.

மலாக்காவின் ஆட்சி அடுக்கடுக்கானது. உச்சியில் சுல்தான், அவருக்குக் கீழே பெண்டஹாரா, தெமெங்கோங், லக்சமானா என்ற பெரும் பதவியினர். ஆனால், துறைமுகத்தை நான்கு ஷாபந்தர்கள் பகிர்ந்து நிர்வகித்தனர். அடுத்த சில ஆண்டுகளில் அங்கிருந்து எழுதிய போர்த்துக்கேயரான டோமே பிரேஸ் இதனை விபரிக்கிறார். குஜராத்தியருக்கு ஒருவர், தமிழ்க் கரையோரத்தார், வங்காளத்தார், பெகுவினருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர் முதலானோருக்கு ஒருவர்.

போர்த்துக்கேயர் உச்சியைத் தகர்த்தனர். வணிகரின் கடன், உறவு, நம்பிக்கை ஆகியன அரண்மனையில் தங்கியிருக்கவில்லை. முஸ்லிம் வணிகர் அச்சே, ஜொஹோர், பட்டாணி, பந்தன் எனப் பல துறைகளுக்கு நகர்ந்தனர். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சேயின் மிளகு, போர்த்துக்கேயரின் காவலைத் தவிர்த்து, மாலைதீவு வழியாகச் செங்கடலை அடைந்துகொண்டிருந்தது.

இதனால் தலைமையற்ற வலையே சிறந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. மலாக்காவின் தமிழ் இந்து வணிகரான நினா சாத்து போர்த்துக்கேயருக்கு உதவி, அவர்களிடமே பெண்டஹாரா பதவி பெற்றார். ஒவ்வொருவரும் தத்தம் வழியில் பிழைக்கலாம். கோட்டையை மீட்க ஒரு கட்டளை வேண்டும். அச்சேயின் சுல்தான்கள் அந்தக் கட்டளையைத் தந்தார்கள்.

அதற்கும் ஒரு விலை இருந்தது. இஸ்கந்தர் முடா (1607–1636) மிளகு வணிகத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தார்; ஓராங் காயா என்ற செல்வந்தப் பிரபுக்களை ஒடுக்கினார். 1629இல் மலாக்காவைத் தாக்கிய அவருடைய பெருங்கடற்படை ஏறக்குறைய முற்றாக அழிந்தது. அந்தப் பலத்தை அச்சே பிறகு பெறவேயில்லை. 1641இல் போர்த்துக்கேயரிடமிருந்து மலாக்காவைப் பறித்தவர்கள் ஒல்லாந்தர். துணை நின்றது மஹ்மூத் ஷாவின் மகன் நிறுவிய ஜொஹோர்.

படிநிலை தவறல்ல. ஷாபந்தரும் ஒரு படிதான். மேற்படி சரிந்தாலும் தன் கணக்கைத் தானே நடத்தத் தெரிந்த கீழ்ப்படிகள் இருந்தனவா என்பதே கேள்வி. ஓர் ஆசிரியரின் மறைவோடு நின்றுபோகும் சஞ்சிகைகளை அறிந்த நமக்கு, இது தூரத்துக் கடலின் கதை மட்டுமல்ல.