உவமையால் பெயர்பெற்ற புலவர்கள்

இயற்பெயர் தெரியாமல், தம் பாட்டில் அமைந்த உவமையாலோ அரிய தொடராலோ வழங்கப்பெறும் சங்கப் புலவர்கள். தொகைநூல்களைத் தொகுத்தவர்களே இப்பெயர்களை இட்டனர் என்பர். குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார் (40), ஓரேருழவனார் (131), நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் (284) ஆகியோர் இவ்வகையினர்.

இவற்றுள் நற்றிணைப் பாடல் தனித்து ஆராயத்தக்கது. பொருள் தேடச் சென்ற தலைவனின் நெஞ்சு காதலியிடம் திரும்பச் சொல்கிறது. அறிவோ எடுத்த வினையை முடிக்காமல் மீள்வது இழிவு என்று தடுக்கிறது. இரண்டுக்கும் இடையே அவன் உடம்பு, இரு யானைகள் எதிரெதிரே பற்றி இழுக்கும், புரி தேய்ந்த பழங்கயிறாகிறது. யானைகளின் வலிமையைவிடக் கயிற்றின் பழமைதான் இங்கே உயிர்நிலை. புதுக்கயிறு சிறிது நேரமாவது தாங்கும். தேய்ந்தது எக்கணமும் அறும். மனப்போராட்டத்தை இவ்வளவு செறிவாகக் காட்டிய உவமைகள் தமிழில் மிகச் சில.

ஓரேருழவனாரின் பாடலில், ஈரம் காயுமுன் உழுதுவிடத் துடிக்கும் ஒற்றை ஏர்க்காரனின் பதைப்பு, வீடு திரும்பும் தலைவனின் விரைவாகிறது.

தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என உவமத்தை நால்வகைப்படுத்தும். மேற்கண்ட இரண்டும் செயலை ஒப்பிடுவதால் வினையுவமத்தின்பாற்படும்.