கரஸ்ல படிக்கிறவங்களுக்கு ஓட்டு உண்டா?

சிறுமலைப் பக்கம் ‘கரஸ்’ என்றால் விளக்கமே வேண்டாம். "என்ன படிக்கிற?" என்று கேட்டால், "கரஸ்ல பி.ஏ. போட்டுருக்கேன்" என்று பதில் வரும். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது திண்டுக்கல் தனி மாவட்டமாகவே ஆகவில்லை. அது 1985இல்தான் நடந்தது. மலையிலும் அடிவாரத்திலும் தோட்ட வேலை, கடை வேலை பார்ப்பவர்களுக்கு அந்தத் தபால் ஒரு கதவாக இருந்தது.

ஆனால் அந்தக் கதவுக்குள் நுழைய என்ன செலவு? விளம்பரத்தில் போடுவது படிப்புக் கட்டணம் மட்டும்தான். அதற்கு மேல் தேர்வுக் கட்டணம், டிடி எடுக்கும் கமிஷன், தொடர்பு வகுப்புக்குப் பஸ் செலவு, அன்றைக்குப் போகும் கூலி என்று ஒவ்வொன்றாகச் சேரும். இதையெல்லாம் எந்த ரசீதிலும் பார்க்க முடியாது. கட்டணம் ஏறினால் கல்லூரிப் பையன்கள் வாசலில் உட்கார்ந்து கோஷம் போடுவார்கள். கரஸ் மாணவர் எந்த வாசலில் போய் உட்காருவார்? பக்கத்து ஊரில் இதே பாடம் படிப்பவர் யார் என்றுகூட அவருக்குத் தெரியாதே.

இந்த முறையின் வேரைத் தேடினால் லண்டனுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1858இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்குப் புதிய சாசனம் கிடைத்தது. எந்தக் கல்லூரியிலும் சேராமல், எங்கே படித்திருந்தாலும் தேர்வு எழுதலாம் என்றானது. அதே சாசனம் பட்டதாரிகளுக்கு ஒரு பேரவையையும் கொடுத்தது. பத்து வருஷத்தில், 1868இல், அந்தப் பட்டதாரிகளுக்கு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஒரு தொகுதியே கிடைத்துவிட்டது. கவனியுங்கள்: குரல் கிடைத்தது பட்டம் வாங்கியவருக்கு. பணம் கட்டிப் படித்துக்கொண்டிருந்தவருக்கு இல்லை.

கடல் கடந்த மாணவர்களின் கதையும் அதுதான். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை, கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் லண்டன் பட்டத்துக்குத்தான் படித்தார்கள். பாடத்திட்டமும் கேள்வித்தாளும் அங்கே முடிவாயின.

இதில் என்னை அசரவைக்கும் சம்பவம் ஒன்று உண்டு. 1981இல் லண்டன் பல்கலைக்கழக வேந்தர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. வேட்பாளர்களில் ஒருவர் நெல்சன் மண்டேலா. சிறையிலிருந்தபடியே அதே பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்பைத் தபாலில் படித்தவர். இளவரசி ஆன் ஜெயித்தார், மண்டேலா மூன்றாவதாக வந்தார். ஓட்டுப் போட்டவர்கள் பட்டதாரிகள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரு தபால் மாணவருக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆனால் படித்துக்கொண்டிருந்த தபால் மாணவர்களுக்கு ஓட்டு இல்லை.

தூரம்தான் காரணம், சிதறிக் கிடப்பவர்களை எப்படிச் சேர்ப்பது என்று கேட்கலாம். பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் சாசனம் பெற்றது. 1972இலேயே அதன் மாணவர்களுக்குச் சங்கம் வந்துவிட்டது. அவர்களும் வீட்டிலிருந்து படித்தவர்கள்தான். மனசு இருந்தால் தூரம் ஒரு பொருட்டில்லை.

நம் ஊரில் நடந்தது நேர் எதிர். மாணவர் சங்கத் தேர்தல்களை ஒழுங்குபடுத்த அமைக்கப்பட்ட லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேட்பாளர் முழுநேர, நேரடி மாணவராக இருக்க வேண்டும், தொலைநிலைக் கல்வி மாணவராக இருக்கக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. வருஷக்கணக்காகப் பெயரை மட்டும் பதிந்துகொண்டு அரசியல் செய்பவர்களைத் தடுக்க வேண்டும் என்பது நியாயமான கவலைதான். ஆனால் அந்த ஒரு வரியில், கூலியை விட்டுவிட்டுத் தேர்வு எழுத வருபவரும் சேர்ந்தே வெளியே தள்ளப்பட்டார்.

மற்றவர்களின் சங்கத்தில் அவருக்கு இடமில்லை என்றால், அவருக்கென்று தனிச் சங்கமாவது வேண்டாமா? கட்டணத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் ஒரே ஒரு நாற்காலி போதும். தொடர்பு வகுப்பை ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லிலேயே வைத்தால் எவ்வளவு மிச்சம் என்று, அதில் உட்காருபவர் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்.