இடுப்பு ஜவ்வு விலகல்: அறுவை சிகிச்சை

கீழ்முதுகின் முள்ளெலும்புகளுக்கு நடுவிலிருந்து பிதுங்கி, நரம்பை நெருக்கும் ஜவ்வுத் துண்டை அகற்றும் சிகிச்சை. மருத்துவர்கள் ‘டிஸ்க் புரொலாப்ஸ்’ என்பதை மக்கள் ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்பார்கள். உண்மையில் ஜவ்வு இடம்பெயர்வதில்லை. நுங்குபோல உள்ளே வழுவழுப்பும் சுற்றிலும் கெட்டியான நார் வளையமும் கொண்டது அது. வளையம் கிழிந்தால் உள்ளிருப்பது பிதுங்கும். முதுகெலும்பின் 23 ஜவ்வுகளில், இடுப்புப் பகுதியில் பெரும்பாலும் பிதுங்குபவை கடைசி இரண்டுதான்.

அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் இவ்விரண்டுக்கும் ஓய்வு குறைவு. ஃபைபர் படகை மணலில் தள்ளும்போதும், குனிந்து நனைந்த வலையை இழுக்கும்போதும் பாரம் அங்கேதான் இறங்குகிறது. நரம்பு நெருக்கப்பட்டால் வலி பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை சுண்டி இழுக்கும்.

இந்தக் கால்வலி நரம்பிலிருந்து வருவதென்று இத்தாலியின் கோட்டுன்யோ 1764இல் எழுதினார். நெருக்குவது எது என்பது பிடிபட மேலும் 170 ஆண்டுகள் ஆயின. பெர்லினில் ஓப்பன்ஹைமும் கிராவ்ஸும் ஒரு துண்டை வெற்றிகரமாக அகற்றி 1909இல் வெளியிட்டபோதும் அதைக் குருத்தெலும்புக் கட்டி என்றே கருதினர். பாஸ்டனில் நரம்பு அறுவை மருத்துவர் மிக்ஸ்டரும் எலும்பு மருத்துவர் பாரும் ‘கட்டி’ என்று பெயரிட்டு வைத்திருந்த பழைய மாதிரிகளை மீண்டும் ஆராய்ந்தனர்; பல, கிழிந்த ஜவ்வின் துண்டுகளே. 1934இல் வெளியான அவர்களது கட்டுரையே இந்த அறுவை சிகிச்சையின் தொடக்கம்.

தமிழ்நாட்டில் நரம்பு அறுவைத் துறை வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியால் 1949இலும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியால் 1950இலும் தொடங்கியது. குப்பத்துக்குத் தொலைவில்லாத தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனையின் லட்சுமிபதி நரம்பு அறுவை மையமும் ராமமூர்த்தி உருவாக்கியதே. 1977இல் யாசர்கிலும் காஸ்பரும் நுண்ணோக்கி வழியே செய்யும் முறையை வெளியிட்டதும் கீறல் சுருங்கியது.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மாத்திரையாலும் பயிற்சியாலும் வலி தணியும். ஆகவே ஆறு வாரமாவது பொறுப்பதே முறை. நார்வேயின் வெபர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்கள் முந்தியிருந்தனர். நான்காம் ஆண்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இன்று எண்டோஸ்கோப் வழியாகவும் செய்கிறார்கள். பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். படகு தள்ளுபவருக்கு மட்டும் அதன்பின் பல வாரம் பளு தூக்கத் தடை. செலவுக் கணக்கில் அந்த வாரங்களின் வருமானமும் சேரும்.