ஜகார்த்தா பஸ்: தனிப்பாதை மட்டும் போதவில்லை

இன்னைக்கு நாம போகப்போற ஊர் ஜகார்த்தா. பஸ்ஸுக்கென்றே ஒதுக்கிய தனிப்பாதை அங்கே 250 கிலோமீட்டருக்கு மேல் இருக்கு. உலகத்திலேயே நீளமான வலைப்பின்னல்னு சொல்றாங்க. ஆனா என்னைக் கேட்டா, அந்த ஊரின் உண்மையான திருப்பம் தனிப்பாதையில் நடக்கவில்லை. பக்கத்துச் சந்தில் ஓடும் குட்டி வேனில் நடந்தது.

முதலில் தனிப்பாதையின் கதை. 2004 ஜனவரி 15. அப்போது ஜகார்த்தாவின் ஆளுநர் சுதியோசோ. கொலம்பியாவின் போகோட்டா நகரத்தில் 2000-இல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோதான் முன்மாதிரி. தெற்கே பிளோக் எம், வடக்கே பழைய நகரமான கோத்தா, நடுவில் சுமார் 13 கிலோமீட்டர். ஊரின் பெரிய சாலையிலேயே கார்களிடமிருந்து ஆளுக்கொரு பக்கம் ஒரு தடத்தை எடுத்து பஸ்ஸுக்குக் கொடுத்தார்கள். நிறுத்தம் பஸ்ஸின் தரை உயரத்துக்கே இருக்கும். காசை வாசலிலேயே கட்டிவிட்டு உள்ளே போகணும். படி ஏற வேண்டாம், சில்லறை தேட வேண்டாம். அதனால் பஸ் சட்டுனு கிளம்பிடும்.

கார் ஓட்டுகிறவர்கள் திட்டினார்கள். நெரிசல் நேரத்தில் தனிப்பாதைக்குள்ளேயே நுழைந்தும் ஓட்டினார்கள். ஆனாலும் திட்டம் நிற்கவில்லை. 2006-இல் இரண்டாவது, மூன்றாவது தடங்கள் வந்தன. 2017-இல் பதின்மூன்றாவது தடம், அதுவும் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய சாலையில். கட்டணம் 2005-இல் 3,500 ரூபியா ஆனது. அடுத்த 20 வருஷமும் அதே கட்டணம்தான்.

சரி, இத்தனை தடம் போட்டும் என்ன குறை? யாருடைய வீடும் பெரிய சாலையின் நடுவில் இல்லையே! நிறுத்தத்தில் இறங்கி வீடு போய்ச் சேர இன்னொரு வண்டி, இன்னொரு டிக்கெட். அந்த இன்னொரு வண்டிதான் 'அங்கோட்' என்கிற குட்டி வேன்.

அந்த வேனை ஓட்டுபவர் சம்பளக்காரர் இல்லை. தினமும் முதலாளிக்கு ஒரு தொகை கட்டியாகணும். அந்த முறைக்குப் பெயர் 'செத்தோரான்'. டீசல், பெட்ரோல் செலவும் போக மிஞ்சுவதுதான் அவர் வருமானம். யோசிச்சுப் பாருங்க, நீங்க அந்த சீட்டில் இருந்தா என்ன செய்வீங்க? வேன் நிறையும் வரை முனையிலேயே நிற்பீங்க. முன்னால் போகும் வேனை முந்தப் பார்ப்பீங்க. கூட்டம் இல்லாத நேரத்தில் வண்டியையே எடுக்க மாட்டீங்க. டிரைவர் கெட்டவர் என்பதால் இல்லை, கணக்கு அப்படி.

2018-இல் அந்தக் கணக்கைத்தான் மாற்றினார்கள். திட்டத்துக்கு முதலில் 'ஓகே ஓட்ரிப்', பிறகு 'ஜாக்லிங்கோ' என்று பெயர். வேன்கள் டிரான்ஸ்ஜகார்த்தா நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் சேர்ந்தன. ஏறிய ஆட்களுக்காக இல்லாமல், ஓடிய கிலோமீட்டருக்குப் பணம். வேன் காலியாகப் போனாலும் பணம் உண்டு. பயணி கார்டைத் தட்டினால் போதும், வேனில் கட்டணம் இல்லை. முனையில் காத்து நிற்க வேண்டிய அவசியமே போயிடுச்சு.

2020 பிப்ரவரியில், கொரோனா அங்கே பரவுவதற்குச் சற்று முன்பு, டிரான்ஸ்ஜகார்த்தாவில் ஒரே நாளில் 10 லட்சம் பேர் பயணம் செய்தார்கள். தனிப்பாதையில் இல்லாத வண்டிகளையும் சேர்த்த கணக்கு இது. அதுதான் விஷயமே.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. கட்டணத்தால் வராத பணத்தை நகர நிர்வாகம் மானியமாகக் கொடுக்குது. டிரைவர்களுக்கோ தினமும் இத்தனை கிலோமீட்டர் ஓட்டணும் என்ற இலக்கு வந்துவிட்டது. நெரிசலான ஊரில் அந்த இலக்கும் ஒரு சுமைதான். அதைப் பற்றி அவர்கள் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனாலும் எனக்கு இந்தக் கதையில் பிடிச்சது ஒன்று இருக்கு. குட்டி வேன்களை இடைஞ்சல் என்று ஊரை விட்டு விரட்டியிருக்கலாம். ஜகார்த்தா அவற்றை உள்ளே சேர்த்துக்கொண்டது. அதே வேன், அதே டிரைவர், அதே சந்து. மாறியது அவருக்கு எதற்காகப் பணம் தருகிறோம் என்பது மட்டும். அடுத்த முறை யாராவது பஸ் திட்டம் என்று ஒரு வரைபடத்தைக் காட்டினால், கோடுகளைப் பார்த்துவிட்டு இதையும் கேளுங்க: ஓட்டுகிறவருக்கு எதுக்குக் காசு?